டப்பாவில் தூங்கிய இலுப்பை விதைகள்

சென்ற இதழில் கறிவேப்பிலைக் கன்று பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சகோதரிகள் யாரும் அதே தப்பைச் செய்யக் கூடாதே!

எங்களுக்குத் தஞ்சை ஜில்லா. கோயில் குளக்கரையில் பெரிய இலுப்பை மரம் ஒன்று இருந்தது. 2018 ஆடியில் பழம் கொட்டியபோது மூன்று படி விதை பொறுக்கினேன். கழுவி, மாடியில் நாலு நாள் வெயிலில் காயவைத்து, டப்பாவில் போட்டு இறுக மூடினேன். அவரை, புடலை விதையெல்லாம் அப்படித்தானே வைக்கிறோம்? தையில் விதைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

நவம்பர் 16-ந் தேதி கஜா புயல். விடிந்து பார்த்தால் மரம் வேரோடு குளத்துக்குள் கிடந்தது.

ஊர்ப் பிள்ளைகள் கரையில் மறுபடி மரம் வைக்கக் கிளம்பினார்கள். "இங்கே இருந்த மரமே வரணும் அக்கா, கன்று கிடைக்குமா?" என்றார்கள். "விதையே என்கிட்டே இருக்கே!" என்று பெருமையாகச் சொன்னேன். தையில் இருநூறு பை போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மாமியார்தான் சொன்னார்: "இலுப்பை விதை நெல்லு இல்லம்மா, காயவச்சு எடுத்து வைக்கிறதுக்கு. ஈரம் போனா அதுக்கு உயிரும் போயிடும்."

அடுத்த ஆடியில் பக்கத்து ஊருக்குப் போனேன். ஒரே மரத்தை நம்பாமல் நாலைந்து மரத்தடியில் பொறுக்கினேன். வௌவாலுக்கும் அணிலுக்கும் மிச்சம் வைத்தேன். சதையை அலசி, நிழலில் ஆறவைத்து, மறுநாளே மண், மணல், எரு கலந்த பையில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினேன். ஆணிவேர் நீளமாக இறங்கும். அதனால் பை உயரமாக இருக்கட்டும். மூன்றாவது வாரம் முளை தலைகாட்டியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மழைக்கு அறுபது கன்று குளக்கரைக்குப் போயிற்று.

நினைவில் வையுங்கள்:

வேம்பு, நாவல், இலுப்பை: பழம் விழுந்ததும் விதைத்துவிட வேண்டும். பிறருக்குக் கொடுப்பதானாலும் அந்த வாரமே, துணிப்பையில் போட்டுக் கொடுங்கள்.

சரக்கொன்றை: தோல் கெட்டி. காயவைத்துப் பத்திரப்படுத்தலாம். விதைக்குமுன் கல்லில் லேசாக உரசி, ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள்.

பனை: மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதையுங்கள். பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம்.

எந்த விதையானாலும் மரத்தின் பெயர், ஊர், பொறுக்கிய தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். வாங்கிக்கொள்பவர்களுக்கு அது பெரிய உதவி.

வருகிற ஆடியில் உங்கள் ஊர் மரத்தடியிலும் கொஞ்சம் குனிந்து பாருங்களேன். பொறுக்கியதை டப்பாவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்!