யாருக்காகப் பறக்கிறது?

2019 அக்டோபர் 17ஆம் நாள் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. வணிகர் வருவர், வடபுலம் செழிக்கும் என்றார்கள். வணிகப் பயணம் நமக்குப் புதிதா? ஊர்காவற்றுறையிலிருந்து பாய்க்கப்பலில் தென்னிந்தியக் கரைகளுக்குச் சரக்கேற்றிச் சென்றவர்கள் நம் முன்னோர். 1947 டிசம்பரில் எயர் சிலோனின் முதல் விமானமும் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்தைத் தொட்டே சென்னை சென்றது.

உலக விமானத் தொழிலின் கணக்கு எளியது. கம்பனிச் செலவில் முன்வரிசையில் பறக்கும் சிலர், தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய வருமானம் தருகின்றனர். ஆகவே வசதியெல்லாம் அவர்களுக்கே. காணியை ஈடுவைத்து வளைகுடா செல்லும் தொழிலாளிக்கோ பின்வரிசையில் கால் நீட்டவும் இடமில்லை.

அதே கணக்கைப் பலாலியிலும் போட்டு, வருவோனின் வசதியை எண்ணி, மண்ணுக்குரியவனை மறப்பதா? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தோரின் காணிகள் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. நாரந்தனையிலிருந்து காரைநகர் செல்ல, நாமோ இன்றும் ஊர்காவற்றுறைத் துறையில் மிதவைப் பாதைக்குக் காத்து நிற்கிறோம்.

விமானம் வேண்டாமென்பதல்ல நம் வாதம். வணிகர் பறக்கட்டும்! ஆனால், ஓடுபாதைக்கு நிலம் இழந்தவன் காலூன்றி நிற்கத் தன் காணி வேண்டும். அதைக் கொடுத்த பிறகு வளர்ச்சியைப் பேசுங்கள்.