மணி வெளியாள் கையில் இருக்கிறது

"மெமரி முழுக்க என்க்ரிப்ட் ஆகிவிடும் சார். கிளவுட் கம்பெனியே நினைத்தாலும் உங்கள் டேட்டாவைப் பார்க்க முடியாது." மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலை அலுவலகங்களில் சர்வரைக் கிளவுடுக்கு மாற்றும் பேச்சு வந்தாலே இந்த வசனமும் வந்துவிடுகிறது. பாதி உண்மை, அந்தப் பாதியை நம்பித்தான் கணக்கும் சம்பளப் பட்டியலும் ஃபார்முலாவும் வெளியே போகின்றன.

ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பியும் இன்டெலின் டிடிஎக்ஸும் விஎம்மின், அதாவது கிளவுடில் ஓடும் உங்கள் மெய்நிகர் சர்வரின், மெமரியையும் ரெஜிஸ்டர்களையும், அதை ஓட்டும் கிளவுட் கம்பெனியின் ஹைப்பர்வைசர் மென்பொருளின் கண்ணிலிருந்து மறைக்கின்றன. நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் டைமரும் நெட்வொர்க் கார்டும் புராசஸரைத் தட்டி எழுப்பும் இன்டரப்ட்? அதைக் கொண்டுவந்து சேர்க்கும் கன்ட்ரோலரின் வேலையில் பெரும்பங்கை விஎம்முக்குச் செய்து காட்டுவது அதே ஹைப்பர்வைசர். ஆலையின் கன்ட்ரோல் ரூமுக்கு இரும்புக்கதவு போட்டுவிட்டு, அலாரம் சுவிட்சை வாசலில் நிற்பவரிடம் கொடுத்தது மாதிரி. பொய் அலாரம் அடித்தால், உள்ளே இருக்கும் ஆபரேட்டர் தன் கையாலேயே வால்வைத் திருகுவார்.

கற்பனை இல்லை இது. 2024இல் சூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஹெக்லர்' என்ற பெயரில் இந்தத் தாக்குதலைச் செய்தே காட்டினார்கள். இன்டரப்ட் எண் 128, பழைய 32 பிட் புரோகிராம்கள் லினக்ஸ் கர்னலைக் கூப்பிடும் வழி. பாஸ்வேர்டு தவறென்றால், அதைச் சரிபார்க்கும் ஃபங்ஷன் இஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் பூஜ்யத்தை விட்டுவைக்கும். சரியாக அந்த நொடியில் ஹைப்பர்வைசர் 128ஐ ஏவினால், புரோகிராமே கூப்பிட்டதாக நினைத்துக் கர்னல் தன் பதிலை அதே ரெஜிஸ்டரில் எழுதிவிடும். பூஜ்யம் போச்சு, லாகின் ஆச்சு. தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ இரண்டுமே இப்படி விழுந்தன. என்க்ரிப்ஷனை யாரும் தொடவே இல்லை.

"அதைத்தான் லினக்ஸ் அடைத்துவிட்டதே" என்பார்கள். அடைத்தது 128ஐ. எக்ஸ்86 புராசஸர்களில் மொத்தம் 256 இன்டரப்ட் எண்கள். முதல் 31ஐ ஹைப்பர்வைசர் அனுப்பவிடாமல் டிடிஎக்ஸ் முன்பே தடுத்திருந்தது. 128 அந்த வேலிக்கு வெளியே நின்றது. ஏஎம்டியில் 29ஆம் எண்ணை வைத்து அதே குழு 'வீசீ' என்று இன்னொரு தாக்குதலையும் காட்டியது. ஒவ்வொரு எண்ணாக ஒட்டுப்போடுவதைப் பாதுகாப்பு என்று விற்கலாமா?

ஒழுங்கான வழி, எந்தெந்த எண்களை வெளியிலிருந்து ஏற்பது என்று விஎம்மே பட்டியல் கொடுத்து, அதை ஹார்டுவேரே காவல் காப்பது. ஏஎம்டியின் செக்யூர் ஏவிஐசி அப்படித்தான் வேலை செய்கிறது. அதற்குப் புது புராசஸர் வேண்டும், கர்னலும் ஹைப்பர்வைசரும் ஒத்துழைக்க வேண்டும். விலைப்பட்டியலில் 'கான்ஃபிடென்ஷியல்' என்று அச்சிட்டிருப்பதாலேயே இது கிடைத்துவிடாது. இது இருந்தாலும், வரவேண்டிய இன்டரப்டை ஹைப்பர்வைசர் அனுப்பாமல் அமுக்கிவைப்பதைத் தடுக்க முடியாது.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் விற்க வந்தவரிடம் கேளுங்கள்: எங்கள் விஎம்முக்கு எந்தெந்த இன்டரப்ட் எண்களை ஹைப்பர்வைசர் அனுப்பலாம்? மற்றதைத் தடுப்பது ஹார்டுவேரா, கர்னல் ஒட்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால் ஃபார்முலாவை மணலியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.