நாற்காலிக்கும் ஒரு சட்டம்!

கால் கடுத்தவன் உட்காருவதற்குச் சட்டம் வேண்டுமா? வேண்டித்தான் இருந்தது! கடைகள், நிறுவனங்கள் சட்டம் நம் மாநிலத்தில் 1947-ல் பிறந்தது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை தரவேண்டும், வேலைக்கிடையே வாய்ப்பு நேரும்போது அவர்கள் உட்காரலாம் என்னும் 22-ஏ பிரிவு அதிலே சேர 2021 செப்டம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

அண்டை மாநிலமான கேரளம் 2018-லேயே இதனைச் செய்தது. தானாகக் கனிந்ததல்ல அது. கோழிக்கோட்டுக் கடைவீதிப் பெண்கள் போராடிப் பெற்றது. இங்கிலாந்திலோ, மூன்று பெண் சிப்பந்திகளுக்கு ஓர் இருக்கை வீதம் வைக்கவேண்டுமென்று 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. எத்தனை காலம் பிந்தினோம், எண்ணிப் பாருங்கள்!

"வாடிக்கையாளர் முன் உட்காருவது மரியாதைக் குறைவல்லவா?" என்று கேட்கும் முதலாளிகள் உண்டு. வங்கியில் பணம் எண்ணித் தருபவர் அமர்ந்திருக்கிறார். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் அமர்ந்திருக்கிறார். அவ்வளவு ஏன், கல்லாப்பெட்டியருகே முதலாளியே அமர்ந்திருக்கிறார்! வாடிக்கையாளரை அவமதிக்கவா அமர்ந்தார்? நமது பழைய ஜவுளிக்கடைகளில் ஜமக்காளம் விரித்து, விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே உட்கார்ந்துதானே சேலை பார்த்தார்கள்! அன்று குறையாத மரியாதை இன்று எப்படிக் குறையும்?

உண்மைக் காரணம் வேறு. ஆட்களை நடத்தத் தெரியாதவர்களுக்கு அளவுகோல் ஒன்று தேவைப்படுகிறது. எந்தச் சிப்பந்தி சரக்கறிந்து பேசுகிறாள், யாருடைய பேச்சால் வாடிக்கையாளர் மறுபடி வருகிறார் என்று அறிய உழைப்பு வேண்டும், பொறுமை வேண்டும். நிற்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்க்கக் கண் மட்டும் போதும். ஆகவே சுலபமானதை அளக்கிறார்கள். அதற்கு நிர்வாகம் என்று பெயரும் சூட்டிக்கொள்கிறார்கள்!

இதனால் லாபமாவது உண்டா? காலை முதல் நின்றவளுக்கு மாலையில் பாதம் வீங்குகிறது, இடுப்பு வலிக்கிறது. ஆண்டுக்கணக்கில் நின்றால் காலின் நரம்புகள் புடைத்து நோயாகவே நிலைத்துவிடுகின்றன. கூட்டம் நெரியும் மாலை வேளையில்தான் வியாபாரம். அந்த வேளைக்குச் சோர்ந்த முகத்தைத் தயார் செய்து வைப்பது எந்த ஊர்க் கெட்டிக்காரத்தனம்?

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் சிப்பந்திகள் படும் பாட்டை 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படம் காட்டியது, நாடு கண்கலங்கியது. கண்ணீருக்குப் பிறகு சட்டமும் வந்தது. ஆனால் 'வாய்ப்பு நேரும்போது' என்கிறதே சட்டம், அந்த வாய்ப்பு நேர்ந்ததா இல்லையா என்று தீர்மானிப்பது யார்? மேற்பார்வையாளரின் புருவம்தானே! நாற்காலியைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தவளை முறைத்தால், அந்த நாற்காலி ஆய்வாளர் வரும் நாளுக்கான அலங்காரப் பொருள்.

ஆகவே நாம் கேட்பது இது. ஆய்வுக்கு வரும் அதிகாரி நாற்காலிகளை எண்ணுவதோடு திரும்பிவிடக்கூடாது, சிப்பந்திகளைத் தனியே அழைத்து, "இன்று எத்தனை முறை உட்கார்ந்தீர்கள்?" என்று கேட்கவேண்டும். இருக்கை கிடங்கின் மூலையில் முடங்காமல், விற்பனை நடக்கும் இடத்திலேயே இருக்கவேண்டும். 'வாடிக்கையாளர் இல்லாத வேளையில் உட்காரலாம்' என்று முதலாளியின் கையெழுத்தோடு சுவரில் எழுதி ஒட்டவேண்டும். செலவு ஒரு தாள். அதைச் செய்ய மறுக்கும் கடை எதுவோ, அங்கேதான் ஆய்வு முதலில் தொடங்கவேண்டும்.