வரைபடத்தை வாசித்தல்: ஒரு தேர்வுக் கேள்விக்கு ஆதரவாக

ஆங்கிலத் தேர்வுகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இலக்கிய நண்பர்களின் முகத்தில் ஓர் இளநகை அரும்புவதைக் கண்டிருக்கிறோம். ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துத் தாளின் முதற்கேள்வி அந்நகைப்புக்கு மிகுதியும் ஆளாவது. ஒரு கோட்டு வரைபடத்தையோ பட்டை விளக்கப்படத்தையோ கொடுத்து, அதில் காண்பதை 150 சொற்களுக்குக் குறையாமல் எழுதச் சொல்கிறார்கள். "கோடு ஏறியது, கோடு இறங்கியது என்று எழுத மொழித்திறன் எதற்கு?" என்பது நண்பர்களின் வினா. நாம் அக்கட்சியில் இல்லை. அத்தாளின் இரு கேள்விகளுள் உரைநடைக்கு நேர்மையான பயிற்சி தருவது இந்த முதற்கேள்விதான் என்று கருதுகிறோம்.

அறியாதவர்க்குச் சில விவரங்கள். 1989 முதல் நடந்துவரும் இத்தேர்வில் இரு பிரிவுகள் உண்டு. பொதுப் பிரிவில் முதற்கேள்வி ஒரு கடிதம். உயர்கல்விக்கும் சில தொழிற்பதிவுகளுக்கும் உரிய அகாதெமிக் பிரிவில்தான் வரைபடம் வரும். (சில வேளை நிலப்படமோ செய்முறைப் படமோ வருவதுண்டு, அது வேறு கதை.) தாள் முழுமைக்கும் ஒரு மணி நேரம், அதில் இதற்கு 20 நிமிடம் போதும் என்பது தேர்வாளர் அறிவுரை. மிச்சமுள்ள 40 நிமிடத்தில் 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரை. அதற்கு மதிப்பீட்டில் இருமடங்கு எடை. கட்டுரையில் நம் கருத்தைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். வரைபடத்துக்கு அந்த உரிமை கிடையாது. முக்கியக் கூறுகளைத் தேர்ந்தெடுத்துச் சொல்க, பொருத்தமான இடத்தில் ஒப்பிடுக என்பதே கட்டளை.

தேர்ந்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். படம் நாமே கற்பித்துக்கொண்டது. ஒரு நகரத்தார் வேலைக்கு எதில் செல்கின்றனர் என்று மூன்று கோடுகள் காட்டுகின்றன. 1990இல் பேருந்தில் 60 விழுக்காட்டினர், காரில் 20, தொடர்வண்டியில் 20. 2010இல் பேருந்து 25, கார் 55, தொடர்வண்டி அதே 20. பேருந்துக் கோடும் கார்க் கோடும் 2000ஐ அடுத்து, 40 விழுக்காட்டில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன.

பெரும்பாலான மாணவர்கள் இடது ஓரத்திலிருந்து தொடங்குவார்கள். 1990இல் இவ்வளவு, 1995இல் இவ்வளவு என்று பேருந்தை முடித்துவிட்டு, மீண்டும் 1990க்கு வந்து காரை எடுத்துக்கொள்வார்கள். தவறான எண் ஒன்றுகூட இராது. ஆயினும் படித்து முடித்தவருக்கு அந்நகரத்தில் என்ன நேர்ந்தது என்று தெரிந்திராது. படத்தை உண்மையில் பார்த்தவர் எழுதக்கூடியது இது: இருபது ஆண்டுகளில் பேருந்தும் காரும் ஏறத்தாழ இடம் மாறிக்கொண்டன, தொடர்வண்டி அசையவில்லை. எண்கள் இதன் பின்னே வந்து நின்றால் போதும்.

அசையாத அக்கோட்டைத்தான் மாணவர்கள் முதலில் கைவிடுகிறார்கள். சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை என்று நினைப்பு. ஆனால் அது அசையாமல் இருப்பதால்தான் பேருந்து இழந்த பங்கு 35, கார் பெற்ற பங்கும் 35 என்று கணக்கு நேராகிறது. இங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. பேருந்தில் சென்றவர்களே காருக்கு மாறினார்கள் என்று எழுதிவிட்டால் பிழை. அவர்கள் ஊரைவிட்டே போயிருக்கலாம். கார் வைத்திருப்போர் புதிதாகக் குடிவந்திருக்கலாம். பங்கு மாறியது என்பதற்குமேல் அப்படத்துக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே கோடு கிழிக்கக் கற்றுத்தரும் பயிற்சி நம் கல்லூரிகளின் கட்டுரைத் தாள்களில் எங்கே இருக்கிறது?

சொற்களுக்கு வருவோம். பயிற்சி நிலையங்களில் அச்சடித்த பட்டியல் ஒன்றைக் கையில் தருகிறார்கள். ஏற்றத்துக்கு ஸோர், ராக்கெட். வீழ்ச்சிக்கு பிளம்மெட், பிளஞ்ச். பிளம்மெட் என்பது ஆழம் பார்க்கவும் நேர்குத்துப் பார்க்கவும் கயிற்றில் கட்டி விடும் ஈயக் குண்டு. அது விழுகிற வேகம் அச்சொல்லின் வயிற்றில் இருக்கிறது. 42இலிருந்து 40க்கு இறங்கிய ஒரு கோட்டுக்கு அதைச் சூட்டுகிற மாணவர், சொல்வளம் காட்டுவதாக எண்ணிப் பொய் சொல்கிறார். நம் நாளிதழ்களும் இதில் சளைத்தவையல்ல. தங்கம் சிறிது ஏறினாலும் 'கிடுகிடு'தான், 'அதிரடி'தான். உண்மையிலேயே கிடுகிடுவென ஏறும் நாளில் சொல்வதற்குச் சொல் மிஞ்சுவதில்லை.

விழுக்காடு இன்னொரு சறுக்கல். 10 விழுக்காடு 15 ஆனால் உயர்வு 5 விழுக்காட்டுப் புள்ளி. பழைய அளவோடு ஒப்பிட்டால் 50 விழுக்காடு. இரண்டும் மெய்யே. ஆனால் "5 விழுக்காடு உயர்ந்தது" என்று எழுதினால் இரண்டும் கெட்டது. தேர்தல் முடிவுகளைப் பேசும் நம் அரசியல் கட்டுரையாளர்களும் இதில் வழுக்குவதைப் பார்க்கிறோம்.

இத்தேர்வு மனப்பாடத்தை வளர்க்கிறது என்பது பொதுவான குற்றச்சாட்டு. வெளியிடப்பட்டுள்ள மதிப்பீட்டு அளவைகளைப் படித்தால் அது நிற்காது. தெளிவான ஒட்டுமொத்தப் பார்வை இல்லாமல் விவரங்களை எந்திரம்போல் அடுக்குவது ஒன்பதில் ஐந்துக்குரிய அடையாளம் என்கின்றன அவை. விடை முழுதும் மனப்பாடம் என்று நிறுவப்பட்டால் பூச்சியம். ஆகவே எந்தப் படம் வந்தாலும் பொருந்துமென வார்ப்புரு வாக்கியங்களை விற்பவர்கள், தேர்வு கேட்காத ஒன்றை விற்கிறார்கள்.

ஏன் என்று சொல்லக்கூடாது என்ற விதிதான் நண்பர்களை மிகவும் உறுத்துகிறது. காரணம் சொல்லாத எழுத்து எழுத்தாகுமா? இதற்கு விடையாக ஒரு பழைய வரைபடத்தைச் சுட்டுவோம். கிரிமியப் போரில் ஆங்கிலப் படைவீரர்கள் மடிந்ததைக் குறித்து ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் வெளியிட்ட படம் அது. வட்டத்தைச் சுற்றி மாதத்துக்கொன்றாக ஆப்புகள். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோர் நீலத்தில், காயங்களால் இறந்தோர் சிவப்பில், பிற காரணங்களால் இறந்தோர் கறுப்பில். 1855 சனவரியில் நோய்க்கு 2,761 பேர், காயத்துக்கு 83 பேர், பிறவற்றுக்கு 324 பேர். நீலம் தாளை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

படத்தின் ஓரத்தில் அதை விளக்கிச் சில வரிகளும் உள்ளன. ஆப்புகளின் பரப்பை மையத்திலிருந்து அளக்கவேண்டும், இன்ன நிறம் இன்னதைக் குறிக்கும், இன்ன மாதங்களில் கறுப்பும் சிவப்பும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன என்பவைதாம் அவ்வரிகள். கழிவுநீர் வடிகாலைப் பற்றியோ மருத்துவமனையின் சீர்கேட்டைப் பற்றியோ, யார் குற்றவாளி என்றோ அங்கே ஒரு சொல் கிடையாது. அவற்றையெல்லாம் அவர் வேறிடங்களில் எழுதாமல் விடவில்லை. படத்தின் அருகே மட்டும் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லி நிறுத்திக்கொண்டார். படிப்பவர் தாமே நீலத்தைக் கண்டு திடுக்கிடட்டும் என்று விட்டதாகவே நமக்குத் தோன்றுகிறது.

தேர்வின்மேல் நமக்கும் குறை உண்டு. கொடுத்த படத்தை ஐயுறுவதற்கு அது இடமே தருவதில்லை. நிலை அச்சு பூச்சியத்தில் தொடங்காமல் 90இல் தொடங்கினால் சிறு மேடும் மலையாகிவிடும். விளம்பரங்களிலும் தேர்தல் காலத்துத் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் இதைக் காண்கிறோம். "இந்தப் படம் எதை மிகைப்படுத்துகிறது?" என்று ஒரு கேள்வி, அதே 20 நிமிடத்துக்குள், கேட்டிருக்கலாம்.

இன்னொன்று, இது விளையாட்டன்று. பிரித்தானியாவில் செவிலியராகப் பதிவுபெற விரும்பிக் கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் செல்வோர் பலர் இத்தேர்வை எழுதுகிறார்கள். அந்நாட்டுச் செவிலியர் பதிவு மன்றம் நான்கு திறன்களிலும் 7 கேட்டுவந்தது. 2018இன் இறுதியில் எழுத்துக்கு மட்டும் 6.5 போதும் என்று தளர்த்தியது. அந்த அரைப் புள்ளிக்காகக் கட்டணம் கட்டி மீண்டும் மீண்டும் எழுதியவர்கள் இருக்கிறார்கள். நோயாளியின் காய்ச்சல் அட்டையில் ஏறி இறங்கும் கோட்டை ஒரே பார்வையில் படித்துவிட்டு, "நேற்றிரவு முதல் இறங்கிவருகிறது, விடியலில் ஒருமுறை ஏறியது" என்று அடுத்த பணிமுறைக்கு வருபவரிடம் சொல்லிச் செல்பவர்கள் இவர்கள். தேர்வு கேட்பதைத் தம் பணியில் நாள்தோறும் செய்கிறவர்களுக்கு, வகுப்பில் ராக்கெட்டும் பிளம்மெட்டும் புகட்டப்படுகின்றன.

அவர்களுக்குக் கற்பிப்போரிடம் ஒரு வேண்டுகோள். சொற்பட்டியலை ஒரு நாள் மூடிவைத்துவிட்டு, நைட்டிங்கேலின் அப்படத்தை, ஓரத்து வரிகளை மறைத்து, மேசைமேல் வையுங்கள். இருபது நிமிடம் கொடுங்கள். எழுதி முடித்தபின் மறைத்ததைத் திறந்து காட்டலாம்.