ஓடுவதும் ஓடத் தக்கதும்

பழைய மோட்டார்ச் சைக்கிள் ஒன்றை வாங்கச் செல்பவர் “ஓடுகிறதா?” என்று வினவுவார். விற்பவர் “ஓடுகிறது” என்று விடையிறுப்பார். பெரும்பாலும் அந்த ஒரு வினாவோடும் ஒரு விடையோடும் பேரம் முடிந்துவிடும். ஆனால், ஓடுவது வேறு. ஓடத் தக்கது வேறு. இவ்வேறுபாட்டினை நாம் எண்ணிப் பாராமையால் விளையும் தீங்கு பெரிது. அதனையே இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

ஓடினாற் போதும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியமைக்குத் தக்க காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதியிலே பொருளாதாரத் தடை நிலவிய காலத்திற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. சில துளி பெற்றோலைக் காபரேற்றரினுள் செலுத்தி இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டும் உபாயத்தை நம்மவர் கைக்கொண்டனர். ஹொண்டா எம்.டி. 90 போன்ற சிறு வண்டிகள் கரும்புகை கக்கியவாறு நோயாளிகளையும் நெல்மூட்டைகளையும் சுமந்து சென்றன. வண்டி நகர்ந்தாலே பெரும் பேறு எனக் கருதப்பட்ட காலம் அது. அக்காலத்துக்கு அதுவே அறிவுடைமையாகும்.

இன்றோ நிலைமை வேறு. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னர் ஏ-9 பெருவீதி காபெற் வீதியாயிற்று. பள்ளமும் மேடுமான பாதையிலே மெல்ல ஊர்ந்த வண்டி, இன்று வழவழப்பான வீதியில் அறுபது கிலோமீற்றர் வேகத்திற் பறக்கின்றது. வேகம் வளர்ந்தது, வண்டியோ பழையது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. ஆதலின், பழைய வண்டிகளையே பழுது பார்த்துப் பயன்படுத்தும் குடும்பங்கள் வட்டக்கச்சி போன்ற குடியேற்றக் கிராமங்களிற் பலவாகும்.

இனி, சட்டம் யாது கேட்கின்றது என்பதைப் பார்ப்போம். ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெறுதற்குக் காப்புறுதிப் பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டப்படுகின்றன. இப்புகைப் பரிசோதனை இலங்கையில் 2008ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. லொறி, பேருந்து முதலியவற்றுக்கு வீதியில் ஓடத் தகுதியுடையவை எனக் காட்டும் வேறொரு சான்றிதழும் உண்டு. நம் சொந்த மோட்டார்ச் சைக்கிளுக்கு அது கேட்கப்படுவதில்லை. எனவே, நம் வண்டி ஆண்டுக்கொருமுறை எழுதும் பரீட்சை புகைப் பரிசோதனை ஒன்றே.

அப்பரீட்சையிலே வண்டிகள் தவறுவது எதனால்? பெயர் புகைப் பரிசோதனை என்றிருப்பினும், பெற்றோல் வண்டியில் அளக்கப்படுவது கண்ணுக்குத் தோன்றும் புகையன்று. காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சு வாயுவும், எரியாது வெளியேறும் பெற்றோலாவியுமே அளக்கப்படுகின்றன. ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிதற்கு நிறையளவில் ஏறத்தாழப் பதினைந்து பங்கு காற்று வேண்டும். காற்றுக் குறையின், எரிதலும் குறைவுபடும், நஞ்சு மிகும். இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால் காரணங்கள் தாமே விளங்கும்.

முதலாவது, காற்று வடிகட்டி. கோடையிலே கிரவல் வீதிகளில் எழும் செம்புழுதி அதனை அடைத்துவிடுகின்றது. மூக்கை அடைத்துக்கொண்டு ஓடுபவனைப் போல இயந்திரம் திணறுகின்றது. இரண்டாவது, காபரேற்றர். பெற்றோலை மிகுதியாகச் செலுத்துமாறு அது திருகப்பட்டிருக்கலாம். அன்றிச் சோக் முழுதும் திறவாது சிக்கியிருக்கலாம். மூன்றாவது, தேய்ந்த பிளக். பொறி வலுவிழந்தால் பெற்றோல் எரியாமலே வெளியேறும். நான்காவது, பிஸ்ரன் வளையங்களின் தேய்வு. ஒயில் மேலேறி எரிந்து நீலநிறப் புகை எழுமாயின், நோய் இயந்திரத்தின் உள்ளே உள்ளது என்று அறிதல் வேண்டும். இவை தவிர, புகைக்குழாயில் ஓட்டை இருப்பின் வெளிக்காற்றுக் கலந்து அளவீடு பிழைபடும். இயந்திரம் நன்கு சூடேறுமுன் பரிசோதித்தாலும் பெறுபேறு தீதாகவே அமையும்.

இவற்றுட் பெரும்பாலானவை சிறு செலவிலே தீரக்கூடியவை. ஆயினும், நம்மிற் சிலர் வேறு வழி தேடுகின்றனர். பரிசோதனை நாளன்று மட்டும் காபரேற்றரைத் திருகிப் பெற்றோலைக் குறைத்து, சான்றிதழ் கைக்கு வந்ததும் பழையபடி திருகிவிடுகின்றனர். பரீட்சை மண்டபத்தினுள் விடைத்துண்டு கொண்டு செல்லும் மாணவனை நாம் கண்டிக்கின்றோம். வண்டியைக் கொண்டு அதனையே செய்யும் தந்தை, மைந்தனுக்குக் கற்பிக்கும் பாடம் யாது? அந்நச்சுக் காற்றை முதலிற் சுவாசிப்பவரும் முற்றத்திலே வண்டியைச் சுற்றி நிற்கும் அவர் குழந்தைகளே அல்லரோ!

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. பிறேக் பிடிக்கின்றதா, விளக்கு எரிகின்றதா, ரயர் தேய்ந்துள்ளதா என்னும் வினாக்கள் வாயுவை அளக்கும் கருவிக்கு எட்டாதவை. ஆதலால், புகைச் சான்றிதழைப் பெற்றவர் தம் வண்டி முழுதும் நலம் என்று எண்ணுவாராயின், கண் வைத்தியரிடம் காட்டிவிட்டு இருதயமும் நலமென்று மகிழ்பவரை ஒப்பர்.

வண்டி முழுவதையும் ஆண்டுதோறும் சோதிக்கும் நாடுகள் உள. நம் உறவினர் பலர் வாழும் பிரித்தானியாவிலே 1960ஆம் ஆண்டில் இம்முறை தொடங்கிற்று. முதலிற் பத்து ஆண்டு கடந்த வாகனங்களின் பிறேக்கும் விளக்கும் திருப்புதற் கருவியுமே பார்க்கப்பட்டன. இன்று மூன்று ஆண்டு நிரம்பிய மோட்டார்ச் சைக்கிள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொருமுறை முழுமையாகச் சோதிக்கப்படுகின்றது. அங்கே மோட்டார்ச் சைக்கிள்கள் தவறுதற்கு முதற் காரணம் இயந்திரக் கோளாறன்று, விளக்கே. பிறேக் பிடிக்கும்போது எரியவேண்டிய பின்விளக்கு எரியாமை, சமிக்ஞை விளக்கு உடைந்திருத்தல், முன்விளக்கின் ஒளி வானை நோக்கியிருத்தல் ஆகிய சிறு குறைகளாலேயே வண்டிகள் திருப்பியனுப்பப்படுகின்றன. ஒரு பல்ப்பின் விலையோடு தீரும் குறைகள் இவை!

நம் வீதிகளிலோ இக்குறை உயிரோடு விளையாடுவது. மாலை மங்கியபின் கட்டாக்காலி மாடுகள் நடுவீதியிற் படுத்திருப்பதனை அறியாதார் இலர். முன்விளக்கு மங்கியவனுக்கு அவை அண்மையில் வந்த பின்னரே தோன்றும். பின்விளக்கு இல்லாதவனோ, பின்னே வரும் லொறிக்குத் தோன்றவே மாட்டான்.

அடுத்தது பிறேக். மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 11 மீற்றர் செல்லும். இடையூற்றைக் கண்டு கால் பிறேக்கை மிதிப்பதற்குள் அத்தூரம் கடந்துவிடும். நல்ல பிறேக் அதன்பின் பத்து மீற்றரளவில் வண்டியை நிறுத்துமாயின், பாதி வலிமையுள்ள பிறேக்குக்கு இருபது மீற்றர் வேண்டும். வேகம் அறுபதாயின் அவ்விருபது நாற்பத்தைந்தாகும். பள்ளிக்கூட வாயிலில் வீதியைக் கடக்கும் சிறுமிக்கும் வண்டிக்கும் இடையே அத்தனை மீற்றர் இருக்குமென்று யார் உறுதி கூற வல்லார்?

ரயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றுதற்காக அமைந்தவை. சிறு மொபெட்டுகள் தவிர்ந்த மோட்டார்ச் சைக்கிள்களுக்கு ஒரு மில்லிமீற்றர் ஆழமேனும் இருத்தல் வேண்டும் என்பது பிரித்தானிய விதி. வழுக்கைத் தலைபோலான ரயர் மாரிமழையிற் சறுக்கும். செயின் தளர்ந்து தொங்குமாயின் பற்சில்லை விட்டுக் கழன்று பின்சில்லை இறுக்கிவிடலாம். கைபிடியைத் திருப்பும்போது இடையிலே தடங்கினாலும், முன்பிறேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தாலும், உள்ளிருக்கும் குண்டுகள் தேய்ந்துவிட்டன என்பது பொருள்.

இவற்றைப் பார்த்தற்குப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. ஞாயிறு காலையில் அரைமணி நேரம் போதும். தந்தை பிறேக்கை மிதிக்க, மகள் பின்னே நின்று விளக்கைப் பார்க்கட்டும். மகன் ரயரின் காற்றையும் பள்ளத்தையும் செயினின் தளர்வையும் பார்க்கட்டும். கண்ட குறைகளைப் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றிலே திகதியிட்டு எழுதிவைத்து, அவ்வாரமே கராஜுக்குக் கொண்டு செல்லல் நன்று. குடும்பத்தினர் நால்வரையும் சுமக்கும் வண்டியை அந்நால்வரும் அறிந்திருத்தல் முறையே. நால்வரை ஒருங்கே ஏற்றுதல் முறையன்று என்பதனையும் அவ்வேளையிலேயே பேசிக்கொள்ளலாம்.

சட்டம் கேளாதவற்றை நாமே கேட்டுக்கொள்வது நம் கடமை. வண்டியின் பின்னே நம்மைப் பற்றிக்கொண்டு அமரும் குழந்தை, பிறேக் பிடிக்குமா என்று கேட்பதில்லை. அப்பா பார்த்திருப்பார் என்று நம்பியே ஏறுகின்றது. அந்நம்பிக்கைக்கு நாம் தகுதியுடையோர் ஆகுதல் வேண்டும்.