5-ம் மாத ஸ்கேனை தள்ளிப்போடலாமா? குழந்தையைப் பற்றி ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

‘ஸ்கேன்தானே, அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்ற பேச்சு பல வீடுகளில் சகஜம். வால்பாறை எஸ்டேட்டில் இருந்து பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ வர வேண்டும் என்றால் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு நாள் கூலியும் போச்சு. ஆனால் இந்த ஸ்கேனுக்குக் காலக்கெடு உண்டு.

எந்த வாரத்தில் என்ன தெரியும்?

11 - 14 வாரம்: கழுத்தின் பின்புறம் உள்ள நீரின் அளவு பார்க்கப்படும். அது அதிகமாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைபாடுகளுக்கு வாய்ப்பு கூடும். வாய்ப்புதான், முடிவு அல்ல. உறுதி செய்ய பனிக்குட நீர் பரிசோதனை போன்றவை தேவை.

18 - 20 வாரம்: இதுதான் அனாமலி ஸ்கேன். மூளை, முதுகுத்தண்டு, இதயத்தின் 4 அறைகள், சிறுநீரகம், கை கால்கள், உதட்டுப் பிளவு என ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

28 வாரத்துக்குப் பிறகு: குழந்தையின் வளர்ச்சி, பனிக்குட நீர், தொப்புள்கொடி ரத்த ஓட்டம்.

எது தெரியாது?

ஆட்டிசம், காது கேளாமை போன்றவை ஸ்கேனில் தெரியாது. சில இதயக் கோளாறுகளும் தப்பிவிடும். ‘நார்மல்’ என்றால் பார்க்க முடிந்தவை நார்மல் என்றுதான் அர்த்தம்.

தாமதமானால் என்ன சிக்கல்?

இதயக் கோளாறு முன்பே தெரிந்தால், அதற்கான சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிடலாம். பிழைக்கவே வாய்ப்பில்லாத குறைபாடு என்றால் தம்பதி முடிவெடுக்க அவகாசம் வேண்டும். 2021 சட்டத் திருத்தப்படி, கடுமையான குறைபாடு இருந்தால் 24 வாரம் வரை 2 மருத்துவர்களின் ஒப்புதலுடன் கருக்கலைப்பு செய்யலாம். அதைத் தாண்டினால் மருத்துவ வாரியம்தான் முடிவு செய்யும்.

ஆணா, பெண்ணா?

கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தை திட்டம் தொடங்கியது சேலத்தில்தான். 1994-ம் ஆண்டு சட்டப்படி, பாலினத்தைச் சைகையில் சொன்னால்கூட 3 ஆண்டு வரை சிறை.

கவனிக்க வேண்டியது என்ன?

மாதக் கணக்கு வேண்டாம், கடைசி மாதவிடாயின் முதல் நாளில் இருந்து வாரமாக எண்ணுங்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போது பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாத்தையும் கையோடு எடுத்துட்டுப் போங்க. அங்கே பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு அதுதான் முதல் தகவல்.