ஒட்டாதுங்க சார்

கவுன்டரில் பாஸ்புக்கை நீட்டிய அந்த அக்காவின் விரல்களில் வெள்ளைத் திட்டு. நான் வாங்கத் தயங்கியது ஒரு நொடிதான். 'ஒட்டாதுங்க சார்' என்றார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. டீக்கடையில் தனி கிளாஸ் வைத்த ஊரில் பிறந்தவன் நான். எனக்குள்ளிருந்தும் ஒரு சாதி இந்து கையை இழுத்துக்கொண்டான் பாருங்கள்.

ஊரில் இதை வெண்குஷ்டம் என்பான். குஷ்டம் கிருமியால் வருவது. இது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலுக்கு நிறம் தரும் செல்களை அழிப்பதால் வருவது. ரெண்டுக்கும் சம்பந்தமே கெடையாது. ரெண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, அந்தக் குடும்பத்தில் பெண்ணெடுக்காதே என்றவன் மனு. 1927 டிசம்பர் 25இல் மகத்தில் அம்பேத்கர் தலைமையில் அந்த நூலை எரித்தார்கள். பெண் பார்க்கப் போகிற வீடுகளில் இன்னும் எரியவில்லை. 'வெண்புள்ளிகள்' என்று தமிழக அரசு 2010இல் பேரை மாற்றியதும் பலருக்குத் தெரியாது.

வைத்தியம் இல்லையா? இருக்கிறது. சின்னத் திட்டுக்கு ஸ்டீராய்டு களிம்பு, முகத்துக்கு டாக்ரோலிமஸ். பரவாமல் நின்றுவிட்ட திட்டுக்குத் தோல் ஒட்டு. கார்போகரிசியில் இருக்கும் சோரலினைத் தடவி வெயிலில் நிற்பது பழைய வழி. நேரம் தவறினால் தோல் வெந்துபோகும். 2022இல் அமெரிக்கா அனுமதித்த ரக்சோலிடினிப் களிம்பும் உண்டு. அங்கே ஒரு டியூப் விற்கும் விலைக்கு இங்கே ஓவர்லாக் மிசினே வாங்கிவிடலாம். உடம்பில் பரவலாக இருந்தால் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி. விரல் நுனியிலும் உதட்டிலும் நிறம் திரும்புவது கஷ்டம், அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஒளிக்கு முன்னால் நிற்பது சில நிமிசம்தான். ஆனால் வாரத்தில் ரெண்டு மூணு தடவை, மாசக்கணக்கில் நிற்கணும். ஆஸ்பத்திரி ஓ.பி. காலையில். அக்கா நாலு வாரம் போயிருக்கிறார். 'அரை ஷிப்ட் போகுதுங்க சார், விட்டுட்டேன்' என்றார். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் சனிக்கிழமை வட்டிக்காரனுக்கு பதில் சொல்ல முடிகிற ஊர் இது. ஈ.எஸ்.ஐ.க்கு சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறான். காண்ட்ராக்ட் ஆள் பலருக்கு அந்த அட்டையும் இல்லை.

இன்னொன்று. எல்லா வெள்ளையும் உள்ளிருந்து வருவதில்லை. 1939இல் அமெரிக்கத் தோல் பதனிடும் ஆலையொன்றில் தொழிலாளர் கைகள் வெளுத்தன. ரப்பர் கையுறையில் கலந்த ரசாயனம்தான் காரணம். ரப்பர் செருப்பின் வாரும், ஸ்டிக்கர் பொட்டின் பசையும் இப்படிச் செய்யும். அப்போது முதல் வைத்தியம் அந்தப் பொருளை விடுவது. சாயப்பட்டறையில் கை நனைக்கிறவன் எதை விடுவான்? 1994இல் சில அசோ சாயங்களை, புற்றுநோய்ப் பயத்தில், ஜெர்மனி தடை செய்தது. அதிலிருந்து வெள்ளைக்காரக் குழந்தையின் தோலுக்கு ஆகுமா என்று துணியை லேபில் சோதிக்கிறார்கள். சாயத்தில் கைவிட்டவன் தோலை யார் சோதிப்பது?

பொழுது சாய்ந்தபின்னும் அந்த விளக்கு எரியணும், ஞாயிற்றுக்கிழமையும் எரியணும். சங்கத்துத் தோழர்களே, தீபாவளி போனஸ் பேசப் போகும்போது இதையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.